கையிலே கைப்பேசி, கண்ணிலே தூக்கமில்லை



கொஞ்ச காலமாக நம் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருவது கூடிக்கொண்டு போகிறது. காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது, வயிற்றுப்போக்கும் கிடையாது. "தலை வலிக்குது ஐயா", "கண்ணு எரியுது", "கழுத்தைத் திருப்ப முடியல", "பசியே எடுக்க மாட்டேங்குது" என்று வருகிறார்கள். கூட வருகிற தாய்மார்கள், "பிள்ளைக்கு ரத்தம் கொறஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன், ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க" என்கிறார்கள். இது ஊசியில் தீருகிற சங்கதி அல்ல. ஆகவே இப்படி வருகிற பிள்ளைகளிடம், நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டு விடுகிறேன். "ராத்திரியில உன் கைப்பேசி எங்கே படுக்குது?"

பெரும்பாலும் கிடைக்கிற பதில்: "தலையணைக்கு அடியில."

இதைப் பற்றித்தான் இந்த இதழில் நாம் பேச வேண்டும்.

எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை?

இது ஏதோ ஒரு தோட்டத்துக் கதை, இரண்டொரு வீட்டுக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2017-ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்களிடம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கிப் பார்த்ததில், 100 மாணவர்களில் 29 பேரிடம் இணைய அடிமைத்தனத்தின் அடையாளம் காணப்பட்டது. அதாவது 7 பேரில் 2 பேர். கேள்வித்தாள் என்பது டாக்டர் சோதித்துச் சொல்லும் முடிவாகாது. ஆனாலும் இந்த எண்ணைத் தள்ளிவிட முடியாது. இது நோய்க்கிருமிக் காலத்துக்கு முந்தைய கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடமெல்லாம் கைப்பேசிக்குள் வந்தது. அதுவரைக்கும் பிள்ளைகள் கையில் கைப்பேசி கொடுக்காத வீடுகளிலேகூட, கடனோ உடனோ பட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது தப்பல்ல, பிள்ளை படிக்க வேண்டுமே! பிறகு பள்ளிகள் திறந்தன. பிள்ளை பள்ளிக்குப் போனது. கைப்பேசி மட்டும் திரும்பிப் போகவில்லை.

கடைக்குப் போனது அந்தக் காலம்

முன்பு இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேலி இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாட ஆசைப்பட்ட செபராங் பிறைப் பையன் என்ன செய்ய வேண்டும்? பட்டர்வொர்த் வரைக்கும் பஸ் ஏறி, அங்கிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுனுக்குப் போய், சைபர் கஃபே தேடி, மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி உட்கார வேண்டும். காசு தீர்ந்தால் எழுந்திருக்க வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான். காசும், தூரமும், பஸ் நேரமும் அந்தப் பிள்ளையைக் காத்தன.

இன்றைக்கு அந்தக் கடை முழுவதும் நம் பிள்ளையின் போர்வைக்குள் வந்து விட்டது. பூட்டுகிற நேரம் இல்லை. எழுந்து போ என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் தானாக ஓடுகிறது. விளையாட்டில் தோற்றால் "இன்னொரு ஆட்டம்" என்று கூப்பிடுகிறது. நிறுத்த முடியாதபடிதான் அவற்றைச் செய்தே வைத்திருக்கிறார்கள். பெரட்டுக்குப் போக விடியுமுன் எழுந்திருக்கும் நாம் இரவு ஒன்பதரைக்கெல்லாம் கண்ணயர்ந்து விடுகிறோம். அதற்குப் பிறகு வீட்டில் வெளிச்சம் எரிவது நமக்குத் தெரிவதே இல்லை. நம்முடைய அசதியும் இந்தப் பழக்கத்துக்குத் துணை நிற்கிறது.

கொடுப்பதைப் பார்க்காதே, எடுப்பதைப் பார்!

"கைப்பேசியிலேருந்து வர்ற கதிர் மூளையைச் சுட்டுடுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். தோழர்களே, நான் கண்ணால் பார்க்கிற கேடு அதுவல்ல. கைப்பேசி உடம்புக்குள் எதையோ செலுத்துவதைவிட, உடம்புக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்வதுதான் பெரிய கேடு. அது எடுத்துக்கொள்வது நான்கு: தூக்கம், வெயில், ஓட்டம், நேரத்துச் சாப்பாடு. வளருகிற உடம்புக்கு இந்த நான்கும்தான் உரம். உரத்தை நிறுத்திவிட்டு மரத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

முதல் இழப்பு: தூக்கம்

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். இது மருத்துவர்கள் சொல்லும் அளவு.

நம் தோட்டத்துப் பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவு 2 மணிக்குக் கைப்பேசியை வைக்கிறது. பள்ளிப் பஸ் ஆறு மணிக்கு வருவதால் ஐந்தேகாலுக்கு எழுப்பி விடுகிறோம். தூங்கியது மூன்றேகால் மணி நேரம். குறைந்தது எட்டு மணி வேண்டிய இடத்தில் நாலேமுக்கால் மணி நேரம் கடன். வாரத்துக்கு ஐந்து பள்ளி நாள் என்றால், ஏறக்குறைய 24 மணி நேரம். அதாவது ஒவ்வொரு வாரமும் ஒரு முழு நாளை நம் பிள்ளை தன் உடம்பிடமிருந்து கடன் வாங்குகிறது. சனி, ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்கினாலும் அந்தக் கடன் அடையாது.

இருட்டினால் நம் மூளை மெலடோனின் என்ற சுரப்பை விடுகிறது. உடம்புக்கு அது 'படுக்கும் நேரம்' என்று அடிக்கிற மணி. கண்ணுக்கு நேராகக் கைப்பேசி வெளிச்சம் விழுந்தால் அந்த மணி தாமதமாகிறது. விளையாட்டின் பரபரப்பும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை வளருவதற்கான சுரப்பு அதிகம் ஊறுவதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். தூக்கம் கெட்டால் தலைவலி, எரிச்சல், மறதி, வகுப்பில் கொட்டாவி எல்லாம் வரிசையாக வரும். "படிக்கிறான், மண்டையில ஏற மாட்டேங்குது" என்று சொல்லும் பெற்றோர் முதலில் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

படிவம் நான்கில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்தது. தினமும் தலைவலி, தினமும் பெனடோல். வீட்டிலே ரத்தக்குறைவு என்று நினைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. விசாரித்தால், இரவு இரண்டு மணி வரைக்கும் தொடர் நாடகம். அந்தத் தாயிடம் ஒரு காரியம்தான் சொன்னேன்: பத்து மணிக்குக் கைப்பேசியை வாங்கி ஹாலில் சார்ஜ் போடுங்கள். முதல் நாலு நாள் வீட்டில் ஒரே சண்டையாம். இரண்டு வாரம் கழித்துப் பெனடோல் கேட்டு வரவில்லை. தலைவலி முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. கண்ணையும் சோதிக்கச் சொன்னேன், கண்ணாடி தேவைப்பட்டது. ஆனால் பாதி வைத்தியம் வீட்டிலேயே, செலவில்லாமல் முடிந்தது.

இரண்டாம் இழப்பு: வெயில்

சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கண்ணில் ஈரம் காய்ந்து எரிச்சலும் சிவப்பும் வருகின்றன. இது தற்காலிகம்தான். கிட்டப்பார்வை தற்காலிகம் அல்ல. வந்தால் தானாகத் திரும்பிப் போகாது.

இதில் நாம் அறிய வேண்டிய ஒரு விஷயம் உண்டு. 2008-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழும் 6, 7 வயது சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒரே இனம், பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்ததும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் சிங்கப்பூரில் 100-க்கு 29 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 100-க்கு 3 பிள்ளைகளுக்குத்தான். புத்தகம் படிப்பதிலும் சிட்னிப் பிள்ளைகள் குறைந்தவர்கள் அல்லர். பெரிய வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியிலே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம்தான் வெளியிலே இருந்தார்கள்.

பகல் வெளிச்சம் பிள்ளையின் கண்ணைக் காக்கிறது என்பதை அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளும் காட்டின. தைவான் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் சொல்லித் திட்டமே போட்டார்கள். சுடுகிற வெயிலில் நிற்க வேண்டும் என்பதில்லை. மரத்து நிழலில் இருந்தாலே வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம். பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவன் இதற்கு இடம் தேட வேண்டும். நமக்கு வாசல்படியைத் தாண்டினால் போதும்! காசில்லாமல் கிடைக்கும் இந்த மருந்தை நம் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம் என்கிறது.

மூன்றாம் இழப்பு: ஓட்டம்

செம்பனைக் குலை வெட்டும் தகப்பனுக்கு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி. மகனுக்கோ நாள் முழுக்கக் குனிந்து பார்த்துக் கழுத்து வலி! மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது கழுத்து தாங்குவது அவ்வளவுதான். 60 பாகை குனிந்து கைப்பேசியைப் பார்த்தால் கழுத்தெலும்பின் மீது விழும் பாரம் 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் 2014-ல் கணக்கிட்டுச் சொன்னார். பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டரையைக் கழுத்தில் தொங்கவிட்டது போல. அப்படி நாலைந்து மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

கட்டை விரலால் ஓயாமல் தட்டுவதால் மணிக்கட்டின் ஓரத்தில் நரம்பு இழுப்பது போன்ற வலி வருகிறது. தசைநார் உறை வீங்குவதால் வருவது இது. முன்பு பால்வெட்டும் கைகளிலும் துணி பிழியும் கைகளிலும் பார்த்த வலியை இப்போது பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் பார்க்கிறோம்.

அசையாமல் உட்காருவது இன்னும் ஆபத்தான இடத்துக்கும் கொண்டு போகும். நாள்தோறும் பல மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த 32 வயது மனிதர் ஒருவருக்குக் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிர் தப்பியதே பெரும்பாடான செய்தியை நியூசிலாந்து மருத்துவர்கள் 2003-ல் எழுதினார்கள். தென் கொரியாவின் தேகு நகரில் 2005-ல் 28 வயது இளைஞர் ஒருவர் ஏறக்குறைய 50 மணி நேரம் தொடர்ந்து விளையாடி இறந்தார். தைவானில் 2015-ல் ஒருவர் மூன்று நாள் இணையக் கடையில் இருந்து அங்கேயே உயிர்விட்டார். இவை எங்கோ அபூர்வமாக நடப்பவை. பயமுறுத்த இதை எழுதவில்லை. உட்கார்ந்தபடி இருப்பதை உடம்பு தாங்காது என்பதற்கு இவை சாட்சி.

5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷம் வியர்க்க விளையாட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

நான்காம் இழப்பு: நேரத்துச் சாப்பாடு

ஒரு கையில் கைப்பேசி, ஒரு கையில் மேகி. எவ்வளவு சாப்பிட்டோம் என்றே தெரியாமல் சாப்பிடுவது. நடுச்சாமத்தில் இனிப்புத் தண்ணீர். காலையில் பசியாறாமல் பஸ் ஏறுவது. சில பிள்ளைகள் ஊதிப் போகிறார்கள், சிலர் வற்றிப் போகிறார்கள். நம் நாட்டுப் பெரியவர்களில் 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது. அதிலும் நம் இந்தியர்களிடையேதான் அதிகம். தாத்தாவுக்கு ஐம்பது வயதில் வந்த சர்க்கரை, பேரனுக்கு இருபத்தைந்தில் வர வேண்டுமா?

பழக்கமா, வியாதியா?

கைப்பேசி பார்க்கிற பிள்ளையெல்லாம் அடிமை அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 'விளையாட்டுக் கோளாறு' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்க்க 2019 மே மாதம் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2022 ஜனவரி முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. அதற்கு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று: நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை.
இரண்டு: படிப்பு, சாப்பாடு, குளியல், நட்பு எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாகி விடுவது.
மூன்று: கெடுதல் வந்தது தெரிந்தும் விடாமல் தொடர்வது.

இம்மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையே பாதிக்கப்பட்டு, சாதாரணமாக ஒரு வருஷ காலம் நீடித்தால் அது வியாதி. இது கெட்ட புத்தி அல்ல, சாமி குற்றமும் அல்ல. சிகிச்சை உண்டு.

அடியும் பறிப்பும் போதுமா?

கோபத்தில் கைப்பேசியைச் சுவரில் அடித்து உடைத்த தகப்பன்மார் உண்டு. பிள்ளை கூட்டாளியின் கைப்பேசிக்குப் போகிறது. அவ்வளவுதான் பலன். தவிரவும் பள்ளி ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிற காலம் இது. அடியோடு பறிப்பது நடக்காத காரியம்.

சட்டம் போட்ட நாடுகளும் உண்டு. தென் கொரியா 2011-ல், 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கம்ப்யூட்டரில் இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று தடுத்தது. கவனியுங்கள், அவர்களும் முதலில் காக்க நினைத்தது தூக்கத்தைத்தான்! ஆனால் பிள்ளைகள் பெற்றோரின் பெயரில் நுழைந்தார்கள். பிறகு கைப்பேசி விளையாட்டுக்கு மாறினார்கள். 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் எடுக்கப்பட்டது. சீனா 2021-ல், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று உத்தரவு போட்டது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடை செய்தது. சட்டம் தேவைதான். ஆனால் லயத்து வீட்டுப் போர்வைக்குள் சட்டம் எட்டிப் பார்க்காது. அங்கே தாயும் தகப்பனும்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கைப்பேசிக்கும் பெரட்டு வையுங்கள். இரவு ஒன்பதரை அல்லது பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஹாலில் ஒரே இடத்தில் ஆஜராக வேண்டும். அப்பாவுடையதும் அம்மாவுடையதும் சேர்த்துத்தான். பெரியவர்கள் படுக்கையில் படம் பார்த்துக்கொண்டு பிள்ளையை அதட்டினால் எடுபடாது.

2. "எழும்ப அலாரம் வேணும்" என்று பிள்ளை சொல்லும். பசாரில் ஒரு சின்ன அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

3. ஆறு மணி நேரம் பார்க்கிற பிள்ளையை ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். எந்த நேரம் வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். முதல் சில நாள்கள் சிடுசிடுப்பு இருக்கும். அது தணியும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

4. பாடத்துக்குக் கைப்பேசி என்றால் ஹாலில், மேசையில், நாற்காலியில் உட்கார்ந்து. படுக்கையில் வேண்டாம். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் உள்ள மரத்தை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள்.

5. சாப்பிடும்போது யார் கையிலும் கைப்பேசி கூடாது.

6. மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை வெளியே அனுப்புங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் திடல், பெண் பிள்ளைக்கு வீட்டு வேலை என்ற பாகுபாடு வேண்டாம். பெண் பிள்ளையின் கண்ணுக்கும் எலும்புக்கும் அதே வெளிச்சமும் ஓட்டமும் தேவை.

டாக்டரிடம் எப்போது?

கரும்பலகை எழுத்து தெரியவில்லை என்றால், கை விரல் மரத்துப் போனால், தலைவலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், உடம்பு எடை திடீரென ஏறினால் அல்லது இறங்கினால் உடனே காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, மூச்சும் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரசாங்க கிளினிக்கில் பிரஜைகளுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து தேவைக்கேற்ப சுங்கை பாக்காப், செபராங் ஜெயா அல்லது பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால் வெட்கப்படாதீர்கள். பிள்ளை "வாழ்ந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சுப் பேசினால் அதைச் சினிமா வசனம் என்று தள்ளாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி இருக்கிறது.

கடைசியாகச் சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஏன் கைப்பேசிக்குள் போகிறது? பல இடங்களில் போக வேறு இடம் இல்லை என்பதும் ஒரு காரணம். பந்து விளையாடிய திடல் புல் மண்டிக் கிடக்கிறது. சில தோட்டங்களில் திடலே வீடமைப்புக்குப் போய்விட்டது. பழைய நூல் நிலையம் பூட்டிக் கிடக்கிறது. கிளைக் கூட்டத்தில் சம்பளம், போனஸ் பேசும்போது இதையும் ஒரு கோரிக்கையாகப் பேச வேண்டும். திடலில் புல் வெட்டித் தாருங்கள், ஒரு கோல் கம்பமும் ஒரு விளக்கும் போட்டுத் தாருங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்பது பெரிய கேள்வி அல்ல. மேலாளர் சம்மதிக்கும் வரை காத்திராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே கத்தியும் மண்வெட்டியும் எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் பிள்ளைகள் படித்து இந்தத் தோட்டத்தை விட்டு மேலே போக வேண்டும் என்றுதான் நாம் இத்தனை வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்றோம். படிப்பதற்கு மூளை வேண்டும். மூளை ஓடுவதற்கு உடம்பு வேண்டும். உடம்புக்குத் தூக்கம் வேண்டும். இன்று இரவே தொடங்குங்கள்.